ஸ்ட்ரோம்விக்கைப் பாருங்கள்

தங்க முயல் விருது இந்த வருடமும் ஸ்ட்ரோம்விக் மருத்துவமனைக்கே போனது. லக்சம்பர்க்கில் நடந்த விழாவை ஹெய்னலக்தி குழந்தைகள் மருத்துவமனையின் காபி அறைத் தொலைக்காட்சியில், அங்கே மருந்துப் பரிசோதனை நிலையத்தைக் கவனிக்கும் ஹில்கா வெந்தொலா பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஏலக்காய் பன். ஸ்ட்ரோம்விக்கில் அதே வேலை பார்க்கும் சிசெலா ஒகெர்ப்ளோம் பச்சைப் பட்டு உடுத்தி மேடையேறியபோது பன்னை இரண்டாகப் பிய்த்தாள். சிசெலா முயலை வாங்கிக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டபோது நாலாகப் பிய்த்தாள். "இந்த முயல் எனக்கல்ல, குழந்தைகளுக்கு" என்று சிசெலா தழுதழுத்தபோது, மேஜைமேல் பன் என்று சொல்லும்படி எதுவும் மிச்சமில்லை.

"நல்லா பேசுறாங்க, இல்ல?" என்றார் டாக்டர் ரைமோ.

"கண்ணத் தொடைக்கிறா, கைக்குட்டை காஞ்சு கெடக்கு."

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

"கிட்டக் காட்டினாங்க. பாத்தேன்."

டாக்டர் ரைமோ நல்ல மனிதர். எதையும் கிட்டப் போய்ப் பார்க்காத நல்ல மனிதர். அவர் தன் கோப்பையைக் கழுவ எழுந்து போனார்.

மேடையில் தலைமை ஆணையர் வெர்ஹார்ஸ்ட் ஒலிவாங்கியைப் பிடித்தார். குழந்தை மருந்துப் பரிசோதனைகளுக்கான ஒருங்கிணைப்பு ஆணையம் என்பது அவருடைய ஆணையம். ஐரோப்பாவில் எந்த மூலையில் ஒரு குழந்தைக்குப் புதிய மருந்து கொடுத்துப் பார்ப்பதானாலும், எல்லா ஊரும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில், ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு கொடுக்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. "குழந்தை மருத்துவம் எங்கே நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் ஒன்றே ஒன்று சொல்வேன்" என்றார் அவர். "ஸ்ட்ரோம்விக்கைப் பாருங்கள்! நூற்றுக்கு நூறு!"

ஹில்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வருடக்கணக்காக அவள் வேறெதையும் பார்க்கவில்லை. பொத்னியா வளைகுடாவின் இந்தக் கரையில் பின்லாந்தின் ஹெய்னலக்தி, எதிர்க்கரையில் ஸ்வீடனின் ஸ்ட்ரோம்விக். நடுவில் ஒரு கப்பல் போய் வருகிறது. இரண்டு ஊரிலும் ஒரே அளவு மருத்துவமனை, ஒரே அளவு பனி. ஆனால் சிசெலாவுக்கு மூன்று உதவியாளர்கள், கடல் தெரியும் ஜன்னல், குழந்தைகள் விளையாட மர ரயில் வைத்த அறை. ஹில்காவுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை, அதில் ஒரு குளிர்பெட்டி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். நூற்றுக்கு நூறு என்றார்களே, அந்த நூறுதான் அவள் வயிற்றில் நெருப்பாகக் கிடந்தது. அந்தக் கரையில் எத்தனை பிள்ளைகள் மருந்து குடித்துக்கொண்டிருக்கிறார்கள்! இந்தக் கரையில் ஒன்றுகூட இல்லை.

மருந்து, வலிப்புக்கானது. பெரியவர்களுக்கு மாத்திரையாக எத்தனையோ வருடமாகக் கடையில் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று யாரும் சோதித்துப் பார்க்காததால், பெற்றோர் அந்த மாத்திரையையே வெட்டிக் கொடுத்தார்கள். அப்படி வெட்டிக் கொடுப்பவர்களில் ஒருத்தி தாய்மி, ஊரின் பனி வாரும் வண்டியை ஓட்டுகிறவள். அவள் மகள் லெம்பிக்கு ஆறு வயது. சமையலறைக் கத்தியால் கால் மாத்திரை வெட்டி, லிங்கன்பெர்ரி ஜாமில் குழைத்து ஊட்டுவாள். கால் கொஞ்சம் பெரிதாகிவிட்ட அன்று பிள்ளை சாயங்காலம் வரை தூங்கி வழியும். சின்னதாகிவிட்ட அன்று பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வரும்.

பிள்ளைகள் குடிக்கும் திரவ மருந்து ஹில்காவின் குளிர்பெட்டியில், அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருந்தது. பரிசோதனை ஆரம்பிக்கவில்லை. ஹெய்னலக்தி இன்னும் ஆயத்தமாகவில்லை.

"எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று தாய்மி வரும்போதெல்லாம் கேட்பாள்.

"ஆயத்தமாயிட்டே இருக்கோம் தாய்மி."

"எனக்கு ரோட்டுப் பனிய அளவு தப்பாம வாரணும்னு சட்டம் போட்டிருக்காங்க. விரல்கட அதிகமா விட்டாலும் நகராட்சியிலருந்து போன் பண்றாங்க. எம்புள்ள மாத்திரைய மட்டும் கண்ணளவுல வெட்டச் சொல்றீங்க."

ஹில்கா குளிர்பெட்டியின் கதவை இன்னொரு தடவை அழுத்திச் சாத்தினாள்.

"ஸ்வீடன்ல ஆரம்பிச்சிட்டாங்களாமே? டிவியில பாத்தேன். முயல் குடுத்தாங்க. நான் வேணா அங்க குடி போயிரட்டுமா?"

சொன்னவள் யோசிக்காமல்தான் சொன்னாள். கேட்டவளுக்கு அன்று முழுவதும் வேறெதுவும் காதில் விழவில்லை.

ஆயத்தமா என்று பார்க்க ஆணையத்திலிருந்து வருபவர் குன்கெல் அம்மையார். வற்றிய உடம்பு, அடக்கமான குரல், எதற்கும் கோபப்படாதவர். மதிப்பெண்ணை மட்டும் கழிப்பார்.

முதல் தடவை அவர் வந்தபோது பிள்ளைகளின் சம்மதம் பற்றி விசாரித்தார். எந்தக் குழந்தையையும் அதன் வயதுக்குப் புரியும்படி விளக்கிச் சொல்லாமல் பரிசோதனையில் சேர்க்கக் கூடாது என்பது விதி. நல்ல விதி. அதனால் கைக்குழந்தைகளுக்கும் விளக்கம் தயாரிக்கப்பட்டிருந்தது. ஒரு வட்டம், அதில் ஒரு சிரிப்பு.

"இதக் காட்டுனதும் குழந்தை தலையாட்டணும். ஆட்டினா சம்மதம்" என்றார் குன்கெல்.

"நாலு மாசக் குழந்தைக்குத் தல தானா ஆடும் மேடம். கழுத்து நிக்காது."

"அதனாலதான் அந்த வயசுல சம்மத விகிதம் ரொம்ப நல்லா இருக்கு. ஸ்ட்ரோம்விக்ல எல்லாரும் சம்மதிச்சிருக்காங்க."

ஹில்கா பல்லைக் கடித்தாள்.

அடுத்து சுவை வந்தது. திரவ மருந்துக்கு எந்தச் சுவை சேர்ப்பது என்பதில் நாடுகளுக்குள் தகராறு. இத்தாலி எலுமிச்சை கேட்டது. டச்சுக்காரர்கள் வெண்ணிலா கேட்டார்கள். பின்லாந்து சல்மியாக்கி கேட்டது. உப்புக் கரிக்கும் அந்தக் கறுப்பு மிட்டாய்க்கு இங்கே பிள்ளைகள் உயிரை விடுவார்கள், எல்லைக்கு அப்பால் அதை யாரும் இரண்டாவது முறை வாயில் வைப்பதில்லை. ஆணையம் யார் மனமும் நோகாதபடி எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தது. அந்தச் சராசரியைப் பேராசிரியர்கள் அடங்கிய குழு ருசி பார்த்து ஒப்புதல் கொடுத்தது.

"பிள்ளைங்க யாராச்சும் ருசி பாத்தாங்களா?" என்று ஹில்கா கேட்டுவிட்டாள்.

குன்கெல் அவளைப் பரிவோடு பார்த்தார். "பிள்ளைங்க பாதுகாக்கப்பட வேண்டியவங்கம்மா. அவங்கள இந்த மாதிரி வேலையில எல்லாம் இழுக்கக் கூடாது."

பயிற்சிக்கென்று, மருந்து கலக்காமல் சுவை மட்டும் சேர்த்த மாதிரிப் புட்டி ஒன்று தரப்பட்டது. ஹில்கா ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். ஈரத் துடைதுணியில் யாரோ பழம் வரைந்து கொடுத்தது போலிருந்தது.

பிறகு பொம்மை. உண்மைக் குழந்தை வருவதற்குமுன் பழகுவதற்காக ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆணையம் ஒரு பொம்மையை அனுப்பியிருந்தது. அதன் பெயர் மாதிரிக் குழந்தை. அதற்கு எடை பார்க்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், எப்படி இருக்கிறாய் என்று கேட்டு, அது சொன்னதை எழுத வேண்டும். ஹெய்னலக்தியின் பொம்மைக்கு ஒரு காலுறை காணாமல் போயிருந்தது. குன்கெல் மதிப்பெண் கழித்தார். ஸ்ட்ரோம்விக்கின் பொம்மை கம்பளித் தொப்பியும் சட்டையுமாக இருக்கும் படத்தையும் காட்டினார்.

ஹில்கா வீட்டுக்குப் போய்ப் பின்னல் ஊசியை எடுத்தாள். அந்தத் தொப்பியை விட அழகான தொப்பி, அந்தச் சட்டையை விட நெருக்கமான பின்னல், கூடவே கையுறை. சிசெலாவின் பொம்மைக்குக் கையுறை இல்லை. அடுத்த தடவை குன்கெல் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கம்பளி சில குழந்தைகளுக்கு ஒவ்வாமல் போகலாம் என்று சொல்லி மறுபடியும் கழித்தார்.

"ஸ்ட்ரோம்விக்லயும் கம்பளிதானே மேடம்?"

"அது அவங்க நிலையத்தோட மரபு."

அந்த நேரத்தில்தான் தாய்மி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அன்று காலை லெம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்து, விழுந்து, நெற்றியில் தையல் போட்டிருந்தது. வண்டியை வாசலில் ஓடவிட்டபடியே இறங்கி வந்திருந்தாள். நாற்காலியில் கையுறை போட்ட பொம்மை. அதன் வாயருகே ஹில்காவின் கையில் கரண்டி. தாய்மி ஒரு கணம் நின்று பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதில் இங்கே எழுதக்கூடியது கொஞ்சம்தான். "பொம்மைக்கு வலிப்பு நின்னுருச்சா?" என்பது அதில் ஒன்று. மீதி ஹில்காவின் பிறப்பையும், ஆணையத்தின் பிறப்பையும் பற்றியது. குன்கெல் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். "நிலையத்தில் திட்டமிடாத பெற்றோர் ஒருவர் காணப்பட்டார்" என்று தொடங்கி அத்தனையும் அறிக்கையில் வந்தது. ஆணையத்தின் தரவரிசையில் ஹெய்னலக்தி கடைசியிலிருந்து இரண்டாவது இடத்துக்குப் போனது.

டாக்டர் ரைமோவுக்கே அது கொஞ்சம் உறைத்தது. "நீ ஒரு தடவ ஸ்ட்ரோம்விக் போய்ட்டு வாயேன்" என்றார்.

"எதுக்கு?"

"கத்துக்கத்தான். அவங்க எப்படிப் பண்றாங்கன்னு பாத்துட்டு வா."

"அவகிட்டப் போய் நான் கைகட்டி நிக்கணுமா?"

"கப்பல்ல நல்ல சாப்பாடு போடுவாங்க ஹில்கா."

கப்பலில் நல்ல சாப்பாடு போட்டார்கள். ஹில்கா ஹெர்ரிங் மீனைத் தட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தாள். மேடையில் யாரோ ஒருவர் காதல் தோல்விப் பாட்டைச் சுருதி சேராமல் பாடினார். ஜன்னலுக்கு வெளியே பனிக்கட்டி உடைந்து விலகியது. சிசெலாவின் முன்னால் என்ன முகத்தோடு நிற்பது என்று அவள் யோசித்தாள். கொஞ்சம் அலட்சியம், கொஞ்சம் சிரிப்பு. கழிப்பறைக் கண்ணாடியில் ஒத்திகை பார்த்தாள். பல்வலிக்காரியின் முகமாக வந்தது.

துறைமுகத்துக்கே சிசெலா வந்திருந்தாள். தொலைக்காட்சியில் தெரிந்ததைவிடக் குள்ளம். அதில் ஹில்காவுக்கு ஒரு சின்ன ஆறுதல். மருத்துவமனையைப் பார்த்ததும் அந்த ஆறுதலும் போய்விட்டது. நிலையத்துக்கென்று தனி வாசல். தரை பளபளத்தது. குட்டி நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை. இதுவரை வாங்கிய நாலு முயல்களும் கண்ணாடிப் பேழைக்குள் நின்றன. மூன்று உதவியாளர்களும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். மேஜையில் அவர்களுக்கு வேலை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

விளையாட்டு அறையில் மர ரயில் இருந்தது. ஹில்கா குனிந்து அதைத் தொட்டாள். விரலில் பிளாஸ்டிக் தட்டுப்பட்டது. கடையில் சுற்றிய உறை பிரிக்கப்படவே இல்லை.

"பிள்ளைங்க எல்லாம் எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.

"எந்தப் பிள்ளைங்க?" என்றாள் சிசெலா.

"பரிசோதனையில இருக்கற பிள்ளைங்க. நூத்துக்கு நூறு."

சிசெலா உதவியாளர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஹில்காவின் முழங்கையைப் பிடித்து உள்ளே இருந்த சின்னச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அது ஆயத்தத்துக்கு நூறு. பிள்ளை யாரும் இல்ல. தலையாட்டிச் சம்மதிச்சதெல்லாம் பொம்மைதான்."

"யாருமே இல்லையா?"

"ஒருத்தரும் இல்ல. இங்க இல்ல, எங்கயும் இல்ல. நீ சேத்துருப்பேன்னு நான் நெனச்சேன்."

"பச்சை விளக்கு வரல, நான் எப்படிச் சேப்பேன்?"

"வரலையா? அனுமதி எல்லாம் வந்து ரெண்டு வருஷமாச்சே. உங்களுக்கும் சேத்துத்தான் வந்துச்சு."

"யாரும் சொல்லவே இல்ல!"

"ஆரம்பிங்கன்னு சொல்றது அங்க யாரோட வேலையும் இல்ல ஹில்கா. ஆயத்தமான்னு கேக்கறதுதான் எல்லாரோட வேலையும்." சிசெலா காபியை ஊற்றினாள். "புள்ளையச் சேத்தா என்ன ஆகும்? ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. துப்பும். சளி பிடிக்கும். ஒவ்வொண்ணுக்கும் கழிப்பாங்க. அனுமதி வந்ததும் ஒரு பையனச் சேக்கலாம்னு கேட்டேன். எங்க டைரக்டர் சொன்னாரு, இப்பதான் இன்னொரு முயல் வந்திருக்கு, அவசரப்படாதேன்னு."

ஹில்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பதா, கோப்பையைத் தூக்கி எறிவதா என்று தெரியவில்லை. இத்தனை வருடமும் அவள் பொருமிப் பொருமித் தூக்கம் கெட்டது, உறை பிரிக்காத ஒரு ரயிலைப் பார்த்தா?

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் சிசெலா. குரல் மாறியிருந்தது. "உங்களப் பத்தின அறிக்கை எங்களுக்கும் வந்துச்சு, அதுல ஒரு அம்மா வந்து திட்டினாங்கன்னு இருந்துச்சே. நிஜமாவே அப்படியெல்லாம் சொன்னாங்களா?"

"சொன்னா. அதுக்கு மேலயும் சொன்னா."

"நான் அதத் திரும்பத் திரும்பப் படிச்சேன்." சிசெலா கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு பேசினாள். "நான் குழந்தைங்க வார்டுல நர்ஸா இருந்தவ. இங்க வந்து உக்காந்தப்புறம் ஒரு குழந்தையத் தூக்கல. என்னைத் திட்டறதுக்குக்கூட ஒரு அம்மா இல்ல. அதப் படிச்சிட்டு உன்மேல எனக்கு எவ்வளவு பொறாமையா இருந்துச்சு தெரியுமா?"

ஹில்காவுக்கு அது புதிய அனுபவம். தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுகிறாள். அதுவும் சிசெலா ஒகெர்ப்ளோம். உடம்பு முழுக்க ஒரு கதகதப்பு பரவியது. அதைத் தப்பென்று அவள் நினைக்கவில்லை. இரண்டாவது கோப்பை காபியும் வாங்கிக் குடித்தாள்.

திரும்பும் கப்பலில் ஹெர்ரிங் மீனை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிடச் சாப்பிட ஒன்று தெளிவானது. எங்கேயும் ஒரு பிள்ளையும் இல்லை என்றால், முதல் பிள்ளை யாருடையது என்பது இன்னும் முடிவாகவில்லை. லெம்பியின் நெற்றித் தையலை நினைத்தாள். சிசெலாவின் முகத்தையும் நினைத்தாள். எது அவளை அதிகம் விரட்டியது என்று கேட்டால், அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

டாக்டர் ரைமோ நம்பவில்லை. அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவுக்குத் தொலைபேசியில் பேசினார். பேசியபடியே அவர் காது சிவந்தது.

"என்ன சொல்றாங்க டாக்டர்?"

"அனுமதி எப்பவோ குடுத்தாச்சாம். நாம எல்லாரும் பரிசோதனைய முடிச்சிட்டோம்னு நெனச்சுட்டு இருந்தாங்களாம்."

தாய்மிக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார்கள். பக்கவிளைவு என்ன வரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், எல்லாம். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அளவா இருக்குமா?" அளவாக இருக்கும் என்றார் ரைமோ. பிறகு லெம்பியிடம் ஹில்கா வட்டத்தையும் சிரிப்பையும் எல்லாம் ஓரமாக வைத்துவிட்டுப் பேசினாள்.

"இது புது மருந்து. உனக்கு நல்லது பண்ணுதான்னு பாக்கப் போறோம். பிடிக்கலன்னா வேணாம்னு சொல்லிடலாம்."

"கசக்குமா?"

"கசக்காது. நல்லாவும் இருக்காது."

லெம்பி யோசித்தாள். "அப்புறம் சல்மியாக்கி தருவீங்களா?"

அப்புறம் சல்மியாக்கி தரக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. லெம்பி சம்மதித்தாள். முதல் கரண்டியை ஹில்காவின் மேல் துப்பினாள். அடுத்த நாள் விழுங்கினாள். ஹில்கா துப்பியதையும் எழுதினாள், விழுங்கியதையும் எழுதினாள், ஆணையத்துக்கு அனுப்பினாள்.

உடனே குன்கெல் தொலைபேசியில் வந்தார்.

"உங்க அறிக்கையில ஒரு குழந்தை இருக்கு. எழுத்துப் பிழைன்னு நினைக்கிறேன்."

"இல்ல மேடம். குழந்தைதான்."

"மாதிரிக் குழந்தைதானே?"

"இல்ல மேடம். துப்புது."

அந்தப் பக்கம் பென்சில் கீழே விழும் சத்தம் கேட்டது. "யாரும் எதையும் தொடாதீங்க" என்றார் குன்கெல்.

தலைமை ஆணையர் வெர்ஹார்ஸ்டே நேரில் வந்தார். கறுப்பு வண்டிகள் வாசலை அடைத்தன. அவை பனியில் சிக்க, தாய்மிதான் தன் வண்டியோடு வந்து வழியெடுத்துக் கொடுத்தாள். யாருக்கென்று அவளுக்குத் தெரியாது. கூட்ட அறையில் ஹில்காவையும் ரைமோவையும் ஒரு பக்கம் உட்கார வைத்தார்கள். எதிரே குன்கெல் பென்சிலோடு உட்கார்ந்தார். வெர்ஹார்ஸ்ட் நின்றுகொண்டே பேசினார். உட்கார்ந்து பேசும் பழக்கம் அவருக்கு இல்லை.

"ஆணையம் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை எங்களால் ஒரு குழந்தைக்குக்கூடத் தீங்கு வந்ததில்லை. உலகில் வேறு எந்த அமைப்பு இப்படி மார்தட்ட முடியும்? எப்படிச் சாதித்தோம்? ஒரு குழந்தையைக்கூட நாங்கள் நெருங்கவில்லை! இந்தப் பெருமையை ஹெய்னலக்தி ஒரே கரண்டியில் அழித்துவிட்டது."

"அந்தப் பொண்ணு இப்ப நல்லா இருக்கா ஐயா" என்றார் ரைமோ. அவர் லெம்பியைக் கிட்டப் போய்ப் பார்த்திருந்தார்.

"நன்றாக இருப்பது இன்னும் ஆபத்து!" வெர்ஹார்ஸ்ட் மேஜையைத் தட்டினார். "மூத்தோர் மருந்து ஆணையத்துக்கு என்ன நடந்தது என்று தெரியுமா? எங்களுக்கு ஆறு மாடி, அவர்களுக்கு எட்டு மாடி. ஒவ்வொரு நாளும் என் ஜன்னலிலிருந்து அந்த எட்டாவது மாடியைப் பார்த்து நான் பட்ட வேதனை எனக்குத்தான் தெரியும். அவசரப்பட்டார்கள். கிழவர்களைச் சேர்த்தார்கள். முடிவு வந்துவிட்டது! மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்துபோனது. தெரிந்த பிறகு ஆணையம் எதற்கு? மூடிவிட்டார்கள். இன்று அந்த எட்டு மாடியிலும் உடற்பயிற்சிக் கூடம் நடக்கிறது. நம் கட்டடத்திலும் அப்படி எடை தூக்க வேண்டுமா?"

குன்கெல் தலையைக் குனிந்துகொண்டார். துக்கம் விசாரிக்கும் வீடு போல அறை அமைதியானது.

அந்த அமைதியில் கதவு திறந்தது. லெம்பிக்கு அன்று மருத்துவமனைக்கு வரவேண்டிய நாள். கீழ்த்தளத்தில் யாரும் இல்லாததால் தேடிக்கொண்டு மேலே வந்திருந்தாள். பின்னால் பனிக்காலணி சத்தத்தோடு தாய்மி.

வெர்ஹார்ஸ்ட் குனிந்து பார்த்தார். ஒரு குழந்தையை இவ்வளவு பக்கத்தில் அவர் அலுவல் நிமித்தமாகச் சந்தித்ததில்லை. "நீதான் அந்தக் குழந்தையா?" என்றார்.

"ம். நீங்க யாரு?"

"உன் மருந்தை ஒருங்கிணைக்கிறவன்."

"அந்த ருசியப் பண்ணது நீங்கதானா?"

வெர்ஹார்ஸ்ட் நிமிர்ந்தார். "இருபத்தேழு நாடுகள் ஒருமனதாக ஏற்ற சுவை அது!"

"நீங்க குடிச்சிருக்கீங்களா?"

அவர் குடித்ததில்லை. பேராசிரியர்கள் குடித்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தார். லெம்பி நகரவில்லை. ஹில்கா எழுந்து போய், மருந்து கலக்காத அந்தச் சுவை மாதிரிப் புட்டியையும் கரண்டியையும் கொண்டுவந்து பிள்ளையின் கையில் கொடுத்தாள். இருபத்தேழு நாடுகளின் பெயரைச் சொல்லியான பிறகு வெர்ஹார்ஸ்டால் பின்வாங்க முடியவில்லை. வாயைத் திறந்தார். லெம்பி ஊற்றினாள்.

அவருடைய கண் சுருங்கியது. கன்னம் உப்பியது. தண்ணீர் எங்கே என்று கை தேடியது.

"துப்பக் கூடாது" என்றாள் லெம்பி கண்டிப்பாக. "துப்புனா இந்த ஹில்கா எழுதிக்குவாங்க."

வெர்ஹார்ஸ்ட் விழுங்கினார். விழுங்கிய பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். லெம்பி தன் பையிலிருந்து ஒரு சல்மியாக்கியை எடுத்து நீட்டினாள். நல்ல மனதோடுதான் நீட்டினாள். அவரும் நன்றியோடு வாயில் போட்டுக்கொண்டார். உள்ளூர்க்காரர்கள் யாராவது அவரைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

அதோடு விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

ஹெய்னலக்தி தரவரிசையில் கடைசி இடத்துக்கு இறக்கப்பட்டது. பரிசோதனையை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழு கூடுவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அதுவரை நிறுத்தச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லாததால், லெம்பி தினமும் மருந்து குடித்தாள். மருந்து மாயம் எதுவும் செய்துவிடவில்லை. வலிப்பு அறவே நிற்கவில்லை, அரிதாகியது. ஆனால் அளவு ஒரே அளவாக இருந்ததால் பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிவது நின்றது. ஒரு நாள் தாய்மி வந்தவள், பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "நேத்து கணக்குப் பரீட்சையில பக்கத்துப் பையனவிடக் கம்மி மார்க்காம். ஒரே அழுகை. இத்தன நாள் அந்தப் பையன் பக்கத்துல இருக்கறதே இவளுக்குத் தெரியாது." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடினாள். சாவி அவள் கையில்தான் இருந்தது.

ஹில்கா ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாக இருந்தாள். முதல் பிள்ளை ஹெய்னலக்தியின் பிள்ளை. அதை யாராலும் மாற்ற முடியாது. காபி அறையில் அவள் பன்னை முழுதாக வைத்துக் கடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"ஹில்கா, நாந்தான் சிசெலா. உன்னைப் பாத்துட்டு நானும் துணிஞ்சுட்டேன். எங்க டைரக்டர் கத்துறாரு. முயல் எல்லாத்தையும் திருப்பிக் கேட்டிருக்காங்க. போகட்டும்! மூணு பேரச் சேத்துட்டேன். ஒரு பையன் என்மேலயே வாந்தி எடுத்துட்டான். ரெண்டு அம்மாங்க என்னைத் திட்டிட்டாங்க! அதுல ஒருத்தி மேஜையக் குத்தித் திட்டினா!"

சிசெலா அழுதாள். இந்த முறை உண்மையாகவே அழுதாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கடல் தாண்டிக் கேட்டது.

"ரொம்ப சந்தோஷம் சிசெலா" என்று சொல்லி ஹில்கா தொலைபேசியை வைத்தாள். அதன்மேலிருந்து கையை எடுக்காமல் நின்றாள்.

"என்ன விசேஷம்?" என்றார் ரைமோ.

"மூணு பேராம்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான்." அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள். ஒரு கை கோட்டுக்குள் போக மறுத்தது, அதட்டித் திணித்தாள். "பக்கத்து ஊரு டாக்டரம்மா வலிப்பு இருக்கற இரட்டைப் பிள்ளைங்களப் பத்திச் சொன்னாங்களே, அந்த வீட்டு அட்ரஸக் குடுங்க."

"இப்பவேவா? அவங்க எங்க ஓடிப் போகப் போறாங்க? ஸ்வீடன்காரி இங்க வந்தா புள்ள புடிக்கப் போறா?"

"அவள நம்ப முடியாது டாக்டர். கப்பல் தினமும் ஓடுது."

ரைமோ விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அந்த ரெண்டு பேரும் வந்தா உனக்கும் மூணு. சமமாயிருமே."

கதவைத் திறந்த ஹில்கா அப்படியே நின்றாள். சமம் என்ற சொல் அவளுக்கு அந்த மருந்தைப் போலவே ருசித்தது.

"அதுங்களுக்குத் தம்பி தங்கச்சி யாராச்சும் இருக்காங்களான்னும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, பனியில் இறங்கி ஓடினாள்.